ஆள் வர்ற வரைக்கும் இன்னா பண்றது? – வாசகர் கேள்வி பதில்

மழ முடிஞ்சு பனி ஆரம்பிச்சா போதும், நம்ம பக்கம் கீசர், மோட்டார், பைப்பு எல்லாம் பேசி வெச்ச மாதிரி ஒண்ணா மக்கர் பண்ணும். இந்த வாட்டி வந்த கேள்வில முக்காவாசி ஒரே ரகம், "ஆள் நாளைக்குத்தான் வருவாராம், அதுவரைக்கும் என்ன பண்றது"ன்னு. மொத்தத்துக்கும் சேர்த்து முன்னாடியே சொல்லிடறேன், ரிப்பேர் பண்றது உங்க வேலை இல்ல, நிறுத்துறதுதான் உங்க வேலை. கரன்ட்ட நிறுத்தணுமா, தண்ணிய நிறுத்தணுமா, கேஸ நிறுத்தணுமா, அது எங்க இருக்கு, இது தெரிஞ்சா பாதி பேஜாரு அங்கியே முடிஞ்சுது.

வாசகி, கொருக்குப்பேட்டை: அண்ணா, எங்க வீட்டு கீசர் 15 லிட்டர். ரெண்டு நாளா உள்ள கடகடன்னு சத்தம். இன்னிக்கு காலைல சுடுதண்ணி குழாய தொறந்தா தண்ணிக்கு முன்னாடி ஆவி வருது, மேல இருக்குற சின்ன வால்வுலேர்ந்து விடாம ஒழுகுது. கம்ப்ளெயின்ட் பண்ணா நாளைக்கு சாயங்காலம்தான் ஆள் வருமாம். மாமியாருக்கு முழங்கால் வலி, சுடுதண்ணி இல்லாம குளிக்க மாட்டாங்க. அதுவரைக்கும் பார்த்து பார்த்து போட்டுக்கலாமா?

பார்த்து பார்த்துன்ற பேச்சே வேணாம்மா, இதப் படிச்ச உடனே போய் ஆஃப் பண்ணுங்க. பாத்ரூம் சுவிட்ச் மட்டும் பத்தாது, போர்டுல அந்த லைனுக்கு இருக்குற எம்.சி.பி.யையும் (கரன்ட்டு ஓவரா போனா தானா விழற சுவிட்ச்) கீழ இறக்குங்க, ஏன்னா பழைய வீடுங்கள்ல சில எடத்துல சுவிட்ச நியூட்ரல்ல மாட்டி வெச்சிருப்பாங்க, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் உள்ள ஃபேஸ் கரன்ட்டு நின்னுட்டே இருக்கும்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, கீசருக்கு மூணு காவல். தண்ணி தேவையான சூட்டுக்கு வந்ததும் கட் பண்றது தெர்மோஸ்டாட். அது சிக்கிக்கிச்சுன்னா கட்-அவுட்டுன்னு இன்னொண்ணு கரன்ட்டயே துண்டிக்கணும். ரெண்டும் கவுத்துட்டா கடைசியா அந்த சேஃப்டி வால்வு பிரஷர வெளிய விடும். உங்க குழாய்ல ஆவி வருதுன்னா உள்ள தண்ணி 100 டிகிரி தொட்டுடுச்சு, முதல் ரெண்டும் வேலை செய்யல, இப்ப மிச்சம் இருக்கறது சுண்டுவிரல் சைஸுல இருக்குற அந்த வால்வு ஒண்ணுதான். குக்கர் வெயிட்ட யாராச்சும் துணி வெச்சு அழுத்தி பிடிப்பாங்களா? ஆனா இந்த வால்வு ஒழுகுதேன்னு எம்-சீல் வெச்சு அடைக்கிற புத்திசாலிங்க நம்ம ஊர்ல நெறைய பேர் இருக்காங்க. உங்க வீட்ல யாரும் அதுக்கு கிளம்பறதுக்குள்ள தடுத்துடுங்க. சூடேறும்போது ரெண்டு மூணு சொட்டு விழறது தப்பில்ல, தண்ணி சூடானா விரியும், அந்த எக்ஸ்ட்ராதான் வெளிய வருது. விடாம ஒழுகுறதும் ஆவியோட பீச்சுறதும்தான் கெட்ட சேதி.

ஆஃப் பண்ணப்புறம் "சூட்ட இறக்கறேன்"னு சுடுதண்ணி குழாய தொறந்துட்டு முன்னாடி நிக்காதீங்க, ஆவி நேரா கைலயும் மூஞ்சிலயும் அடிக்கும். கதவ சாத்திட்டு சில மணி நேரம் அப்படியே ஆற விடுங்க. அப்புறமா ப்ளக்க உருவிப் பாருங்க. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், அத சின்ன ப்ளக்குல மாட்டி இருந்தா பின்னு கறுத்து சாக்கெட் பழுப்பேறி இருக்கும், அதையும் ஆள் வந்தா காட்டணும். கடகட சத்தம் அனேகமா உப்பு. கடலோரத்து போர் தண்ணிய சூடு பண்ணா காயில் மேல வெள்ளையா பொறை பொறையா ஏறிக்கும், அதுக்குள்ள மாட்டின தண்ணி கொதிக்கிற சத்தம்தான் அது. உள்ள மெக்னீசியம் ராடு ஒண்ணு இருக்கும், டேங்க்கு துருப்பிடிக்காம தானே கரைஞ்சு போறதுக்குன்னே வெச்சது, அது மிச்சம் இருக்கான்னு ஆள்கிட்ட கேளுங்க, கேக்கலன்னா பார்க்க மாட்டாங்க.

மாமியாருக்கு அடுப்புல வெச்சுக் கொடுங்க. பக்கெட்ல பச்சத் தண்ணி முதல்ல, சுடுதண்ணி அப்புறம், இந்த வரிசைய மாத்தாதீங்க. கொதிக்கிற குண்டானோட ஈரத் தரைல நடக்க வேணாம், அரை அரையா எடுத்துட்டுப் போங்க. யார் மேலயாவது கொட்டிடுச்சுன்னா குழாய் தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, ஐஸ் வேணாம், பேஸ்ட்டு, இங்க்கு, காபித்தூள் எதுவும் தடவ வேணாம். சுத்தமான துணிய லேசா போர்த்தி 108 கூப்பிடுங்க, இல்ல ஆட்டோ புடிச்சு கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு போங்க, தீக்காயத்துக்குன்னே அங்க தனி வார்டு இருக்கு.

வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை: ஷவர் குழாய தொட்டா சுர்ருன்னு லேசா ஷாக் அடிக்குது. கீசர் ஆஃப் பண்ணா அடிக்கல. லேசாத்தானே, எலக்ட்ரீசியன் வர்ற வரைக்கும் செருப்பு போட்டுட்டு குளிக்கலாமா?

குளிக்கக் கூடாது. செருப்பு நனைஞ்சா அதுவும் தரையும் ஒண்ணுதான் தம்பி. காயில் உள்ள வெடிச்சு கரன்ட்டு தண்ணில இறங்குது, அது எர்த்துல ஓடிப் போயிருக்கணும், போகல. நம்ம பேட்டை பழைய வீடுங்கள்ல இதுக்கு ஒரு கத இருக்கு. அந்த காலத்துல இரும்பு ஜி.ஐ. பைப்புல ஒரு கம்பிய சுத்தி அதையே எர்த்துன்னு விட்டிருப்பாங்க, பைப்பு மண்ணுக்குள்ள போறதால ஏதோ ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் பைப்பு துருப்பிடிச்சதுன்னு ப்ளாஸ்டிக் மாத்தினாங்க, தண்ணி ஷோக்கா வந்துச்சு, எர்த்து போச்சு, யாருக்கும் தெரியல. உங்க வீட்ல பைப்பு மாத்தி இருந்தா எலக்ட்ரீசியன் கிட்ட இத முதல்ல சொல்லுங்க. கூடவே கரன்ட்டு கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு போடச் சொல்லுங்க, எம்.சி.பி. வயர காப்பாத்தும், ஆள காப்பாத்துறது இதுதான். அதுவரைக்கும் கீசர் எம்.சி.பி. இறங்கியே இருக்கட்டும்.

வாசகர், வியாசர்பாடி: சார், மூணு மாடி வீடு, ஆறு குடித்தனம். ராத்திரி 11 மணிக்கு மொட்டை மாடி டேங்க்லேர்ந்து இறங்குற பைப்பு ரெண்டாவது மாடிகிட்ட பொளந்துடுச்சு. ஹவுஸ் ஓனர் ஊர்ல இல்ல. கேட் வால்வு அசையல, ரென்ச்ச போட்டு திருகுனதுல கைப்பிடி கையோட வந்துடுச்சு. விடிய விடிய தண்ணி செவுத்துல ஓடி கீழ் வீட்டு மீட்டர் போர்டு வரைக்கும் வந்துடுச்சு. அடுத்த வாட்டி என்ன பண்ணணும்?

முதல்ல மீட்டர் போர்டு கதைய பேசுவோம், பைப்பு அப்புறம். போர்டு பக்கம் தண்ணி வந்துடுச்சுன்னா, நிக்கிற எடம் காய்ஞ்சிருந்தா மட்டும் மெயின ஆஃப் பண்ணுங்க. கால் கீழ தண்ணி இருந்தா கிட்ட போகாதீங்க, எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டு மின்வாரியத்தோட புகார் நம்பர் மின்னகத்துக்கு போன் போடுங்க, 94987 94987, ராத்திரியும் எடுப்பாங்க. தண்ணி போனா லாரில வரும்.

இப்ப பைப்பு. மோட்டார முதல்ல நிறுத்தணும், இத மறந்துட்டு மேல ரொப்பிக்கிட்டே கீழ அடைக்கிறவங்க இருக்காங்க, அதுவும் ஆட்டோமேட்டிக் மோட்டாரா இருந்தா டேங்க் காலியாக காலியாக அது பாட்டுக்கு ஓடும். அடுத்தது ஆறு வீட்டுக் கதவையும் தட்டி எல்லா குழாயையும் தொறக்கச் சொல்லுங்க. குடம், பக்கெட், ட்ரம்மு, அண்டா, இருக்கறது எல்லாத்தையும் ரொப்புங்க. தண்ணி உங்க பாத்திரத்துக்கு வந்து சேரும், பொளந்த எடத்துல வேகமும் குறையும், காலைல சமைக்க குளிக்க தண்ணியும் இருக்கும். இத செய்யாம எல்லாரும் பால்கனில நின்னு எட்டிப் பார்த்துட்டு இருந்திருப்பீங்க, சரிதானே?

வால்வு. ரென்ச்ச போட்டது தப்பில்ல, ஒரே பக்கமா மூச்சப் புடிச்சு திருகுனதுதான் தப்பு. இறுகின வால்வ கால் சுத்து மூடணும், கொஞ்சம் பின்னாடி வரணும், மறுபடி மூடணும், அப்படி ஆட்டி ஆட்டி உப்ப உதிர்த்தாதான் நகரும். பலமா திருகினா உள்ள இருக்குற பித்தளை தண்டு முறிஞ்சிடும். சுத்தமா நகரலன்னா டேங்க்கு மூடிய தொறந்து உள்ள அடில இருக்குற அவுட்லெட்டுல துணி சுத்தின மரக்கட்டைய சொருகலாம், தண்ணியோட இழுப்புல அதுவே இறுகிக்கும், ஆனா கை எட்டுற சின்ன டேங்க்கா இருந்தா மட்டும். ராத்திரி இருட்டுல டேங்க்கு மேல ஏறி தலகீழா தொங்குற வித்த எல்லாம் வேணாம்.

பொளந்த எடத்துக்கு எம்-சீல் ஒட்டாது, தண்ணி ஓடிட்டு இருக்கும்போது அது வழுக்கிட்டு வந்துடும், காய்ஞ்ச எடத்துல பெசஞ்சு வெச்சு இறுகுறதுக்கு நேரம் வேணும். அந்த நேரத்துக்கு பழைய சைக்கிள் ட்யூப்தான் ராஜா. ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா வெட்டி, பொளந்த எடத்துக்கு ஒரு சாண் முன்னாடியே ஆரம்பிச்சு, நல்லா இழுத்து இழுத்து, ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏர்ற மாதிரி சுத்திக்கிட்டே போய் அந்தப் பக்கம் ஒரு சாண் தாண்டி கட்டுக்கம்பியால முறுக்கி விடுங்க. 10 மீட்டர் உயரத் தண்ணிக்கு ஒரு கிலோ பிரஷர்தான், உங்க ரெண்டாவது மாடில அதுல பாதி கூட இருக்காது, விடியற வரைக்கும் தாங்கும். ஒழுகுறது முழுசா நிக்கலன்னாலும் பீச்சுறது நின்னா போதும்.

ஓனர் இல்லன்னா புது வால்வ நீங்களே மாத்திடுங்க, பில்ல போட்டோ எடுத்து அனுப்பி வாடகைல கழிச்சுக்கறோம்னு முன்னாடியே மெசேஜ் போட்டு வெச்சுக்கோங்க. மாத்தினப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ யாராச்சும் மூடி தொறக்கணும். ஆறு வீட்ல யார்ன்ற பஞ்சாயத்த நீங்க பார்த்துக்கோங்க.

வாசகி, தண்டையார்பேட்டை: மோட்டார் போட்டா ஊம்முன்னு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது. விட்டு விட்டு போட்டுப் பார்க்கலாமா?

வேணாம். அனேகமா கன்டென்சர் போயிருக்கும், சின்ன செலவு. நீங்க விட்டு விட்டு போட்டா காயில் கருகிடும், அது பெரிய செலவு. நல்லா சுத்தி தண்ணி மட்டும் ஏறலன்னா அது வேற கேஸு, சம்ப்புல தண்ணி ஃபுட் வால்வுக்கு (உறியற பைப்போட அடில இருக்குற வால்வு) மேல இருக்கா பாருங்க, இருந்தா மோட்டார ஆஃப் பண்ணிட்டு மேல இருக்குற மூடிய கழட்டி தண்ணி ஊத்தி ஏர் எடுத்துட்டு போடுங்க.

வாசகர், திருவொற்றியூர்: சிலிண்டர்ல ஓடுற கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளயே மாட்டி இருக்கோம். குளிச்சிட்டு வந்தா ஒய்ஃபுக்கு தலவலி, மயக்கமா இருக்குன்றா. சளியா இருக்கும்னு விட்டுட்டோம். பனிக்கு ஜன்னல வேற அட்டை வெச்சு அடைச்சிருக்கோம். சர்வீஸ் ஆள் ரெண்டு நாள்ல வருவார். அதுவரைக்கும்?

அதுவரைக்கும் அந்த கீசர தொடவே கூடாது சார், ரெகுலேட்டர கழட்டி வெச்சிடுங்க. சளி இல்ல அது. மூடின சின்ன ரூமுல கேஸு எரிஞ்சா காத்துல இருக்குற ஆக்சிஜன் தீர்ந்துகிட்டே வரும், அப்புறம் சரியா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண்ணு எரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார்ற எடத்துல அதவிட 200 மடங்குக்கு மேல ஒட்டிக்கும். தலவலி, குமட்டல், கால் துவள்றது, அவ்ளோதான் எச்சரிக்கை, அதுக்கப்புறம் தாப்பாள தொறக்கற தெம்பு கூட இருக்காது. உள்ள தாப்பா போட்டு குளிக்கப் போய் அப்படியே போனவங்க செய்தி வருஷா வருஷம் பனிக்காலத்துல பேப்பர்ல வருது.

அந்த அட்டைய இன்னிக்கே பிச்சு எறிங்க. இனிமே யாருக்காச்சும் அப்படி ஆச்சுன்னா முதல்ல ஆள வெளிய காத்தாட இழுத்துட்டு வந்துட்டு அப்புறம் 108. ஒய்ஃப ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க, கேஸ் கீசர்ல குளிச்சப்புறம்தான் வருதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, இல்லன்னா அவரும் சளி மாத்திரைதான் எழுதுவார். சர்வீஸ் ஆள் வந்தா கீசர பாத்ரூமுக்கு வெளிய மாத்தித்தர சொல்லுங்க, உள்ளயே க்ளீன் பண்ணிக் கொடுக்கறேன்னா வேணாம்னு அனுப்பிடுங்க.

கேஸ் நாத்தம் அடிச்சா அது தனி விஷயம். சமையல் கேஸு காத்தவிட கனம், கீழ தரையோட தேங்கும். லைட்டு ஃபேனு எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, சுவிட்சுல வர்ற பொறியே போதும். சிலிண்டர மூடி, கதவு ஜன்னல தொறந்துட்டு, வெளிய வந்து கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906 அடிங்க, 24 மணி நேரமும் இருக்கும்.

வாசகி, கொளத்தூர்: தம்பி, என் பொண்ணு டொரோண்டோவுல வாடகை வீட்ல இருக்கா, போன மாசம்தான் போனா. வெளிய மைனஸ் 20, வீட்டு ஹீட்டர் நின்னுடுச்சாம், ஆள் நாளைக்குத்தான் வருமாம். போன்ல அழுவுறா. இங்க உக்காந்துட்டு நான் என்ன சொல்ல முடியும்?

சொல்றதுக்கு நெறைய இருக்குக்கா. அங்க வீடு பூரா காத்த சூடு பண்ணி அனுப்புற மெஷின ஃபர்னஸுன்னுவாங்க, அனேகமா பேஸ்மென்ட்டுல இருக்கும். அதுக்கு பக்கத்து செவுத்துல லைட்டு சுவிட்ச் மாதிரியே ஒண்ணு இருக்கும், புதுசா வந்தவங்க லைட்டுன்னு நெனச்சு அத அணைச்சிடுவாங்க, அத முதல்ல பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் தெர்மோஸ்டாட்ல பேட்டரி. அப்புறம் ஃபில்டர் தூசி அடைச்சிருக்கான்னு. வீட்டுக்கு வெளிய செவுத்துலேர்ந்து நீட்டிட்டு இருக்குற ப்ளாஸ்டிக் குழாய் வாய்ல பனி மூடிட்டாலும் மெஷின் தானா நின்னுடும், அத தள்ளி விட்டாலே ஓடலாம். இதுக்கு மேல நோண்ட வேணாம்.

அங்க அடுத்த ஆபத்து குளிர் இல்ல, தண்ணி. தண்ணி ஐஸானா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், செவுத்துக்குள்ள இருக்குற பைப்ப பொளந்துடும், உருகும்போதுதான் வீடு பூரா ஓடும். அதனால வெளிச்செவுர ஒட்டி இருக்குற குழாய் எல்லாத்தையும் நூல் மாதிரி ஒழுக விடச் சொல்லுங்க, ஓடுற தண்ணி சீக்கிரம் உறையாது. கிச்சன் சிங்க் கீழ கப்போர்டு கதவ தொறந்து வெக்கணும், ரூம் சூடு பைப்புக்கு போகும். இங்க தண்ணிய மூடு மூடுன்னு திட்டுற நானே அங்க தொறந்து விடுன்றேன் பாருங்க. மெயின் வால்வு எங்கன்னு இப்பவே பார்த்து வெச்சுக்கட்டும்.

எல்லாரும் ஒரே ரூம்ல, கதவ சாத்தி, கீழ சந்துல துண்டு சொருகி படுக்கட்டும். சின்ன ஹீட்டர் வாங்கினா நேரா செவுத்து ப்ளக்குல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, கர்ட்டன் பெட்ஷீட்லேர்ந்து ஒரு மீட்டர் தள்ளி. கேஸ் அடுப்பயோ ஓவனையோ பத்த வெச்சு குளிர் காயறது, பார்பிக்யூ அடுப்ப உள்ள கொண்டு வர்றது, ரெண்டும் கூடவே கூடாது, மேல திருவொற்றியூர் சாருக்கு சொன்ன அதே விஷவாயுதான். ஓனர் இழுத்தடிச்சா பயப்பட வேணாம், குளிர் காலத்துல வாடகை வீட்டுக்குள்ள 21 டிகிரியாவது இருக்கணும்னு டொரோண்டோ மாநகராட்சி விதியே இருக்கு, 311க்கு போன் பண்ணா கேப்பாங்க. ரொம்ப முடியலன்னா ராத்திரிக்கு ஃப்ரெண்டு வீட்டுக்கு போயிடட்டும், கௌரவம் பார்க்க வேணாம்.

வாசகர், புளியந்தோப்பு: மழத் தண்ணி சம்ப்புக்குள்ள போயிடுச்சு, தெருவுல சாக்கடையும் பொங்குது. மெட்ரோ தண்ணி தொறந்தா கலீஜா நாத்தம் அடிக்குது. ஆபீஸ்ல சொல்லிட்டோம், இன்னும் யாரும் வரல. சம்ப்புக்குள்ள இறங்கி நாங்களே கழுவிடலாமா? ப்ளீச்சிங் பவுடர் எவ்ளோ போடணும்?

இறங்காதீங்க. மூடி கெடந்த சம்ப்புல, அதுவும் சாக்கடை கலந்ததுல, மூச்சுக் காத்தே இருக்காது. ஒருத்தர் மயங்கி விழுவார், அவர தூக்கப் போற அடுத்தவரும் விழுவார், நம்ம ஊர்ல திரும்பத் திரும்ப இதான் நடக்குது. வாடகைக்கு பம்ப் எடுத்து மேலேர்ந்தே இறைச்சுடுங்க, மூடிய நாள் பூரா தொறந்து போட்டு, ஓஸ அடிச்சு மேலேர்ந்தே கழுவி மறுபடி இறைங்க. தெரு மேன்ஹோல்ல ஆள இறக்குறது 2013 சட்டப்படி குத்தம், காசு கொடுத்து யாரையாச்சும் இறக்கலாம்னு தெருவுல பேச்சு வந்தா நீங்களாச்சும் தடுங்க. தண்ணிய பீச்சி அடைப்பு எடுக்குற ஜெட்ராடிங் வண்டி அனுப்பச் சொல்லி மெட்ரோ வாட்டர் நம்பர் 1916 இல்லன்னா 044-4567 4567ல புகார் கொடுத்து நம்பர எழுதி வெச்சுக்கோங்க. தெருவுல பத்து வீடு தனித்தனியா கூப்பிட்டா வண்டி சீக்கிரம் வரும், அனுபவம்.

மெட்ரோ லைன் நாத்தத்துக்கு காரணம் பாதி நம்ம தெருவுலயே இருக்கும். தண்ணி நாள் பூரா வர்றதில்ல, விட்டப்புறம் பைப்பு காலியா கெடக்கும், பக்கத்துல சாக்கடை பொங்கினா ஜாயின்ட் ஓட்டை வழியா உள்ள இறங்கும். இதுல சில வீட்ல லைன்லயே நேரா மோட்டார் போட்டு உறியறாங்க, அது தண்ணியோட சேர்த்து சாக்கடையையும் இழுத்துட்டு வரும். யாருன்னு உங்களுக்கே தெரியும், போய் பேசுங்க. இப்போதைக்கு சம்ப்புக்கு போற வால்வ மூடிட்டு, தெருக் குழாய்லயே கொஞ்ச நேரம் ஓட விட்டு மோந்து பார்த்துட்டு, நாத்தம் போனா மட்டும் தொறங்க.

ப்ளீச்சிங் பவுடர் சாக்கடைத் தண்ணிய நல்ல தண்ணி ஆக்காது, கழுவி முடிச்சு புதுத் தண்ணி ரொப்பினப்புறம்தான் அது. 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் ரெண்டரை கிராம், சுமாரா அரை டீஸ்பூன். அத அப்படியே கொட்டாம ஒரு பக்கெட்ல கலக்கி, சுண்ணாம்பு அடில தங்கினதும் மேல் தெளிவ மட்டும் ஊத்துங்க, ஒரு மணி நேரம் விடுங்க. குடிக்கறதுக்கு அதையும் தளதளன்னு கொதிக்க வெச்சு, கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம் விட்டு எறக்குங்க. எண்ணூர், மணலி பக்கம் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல வந்த மாதிரி எண்ணெய் கலந்த தண்ணியா இருந்தா கொதிக்க வெச்சாலும் ப்ளீச்சிங் போட்டாலும் ஆவாது, மொத்தமா இறைச்சுக் கொட்டிட்டு லாரித் தண்ணிதான்.

வாசகி, ராயபுரம்: பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, கீசர் ரிப்பேர். வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கியிருக்கோம், பயமா இருக்கு.

பயந்தா நல்லதுதாம்மா. ப்ளாஸ்டிக் பக்கெட்டு, இரும்பு அலுமினியம் வேணாம். ராடு தண்ணில கோடு வரைக்கும் முங்கினப்புறம்தான் சுவிட்ச், எடுக்கும்போது சுவிட்ச அணைச்சு ப்ளக்க உருவிட்டு ராட அப்படியே கொஞ்ச நேரம் தண்ணிலயே விட்டு எடுங்க. சூடாச்சான்னு பார்க்க ராடு ஓடும்போது விரல விடாதீங்க, 1500 வாட் ராடுன்னா நம்ம ஊர் தண்ணி 20 லிட்டர் குளிக்கற சூட்டுக்கு வர கால் மணி நேரம் ஆகும், மணியப் பார்த்தாலே போதும். பாத்ரூம்ல வெக்காம ஹால் மூலைல வெச்சு, மத்த புள்ளைங்க அந்தப் பக்கம் வராம ஒரு ஆள் காவலுக்கு உக்காரணும். குழந்தைக்கு ஊத்தறதுக்கு முன்னாடி முழங்கைய விட்டுப் பாருங்க, உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும், சூடு தெரியாது.

வாசகர், பெரம்பூர்: ராத்திரில கூப்பிட்டா பிளம்பர் டபுள் ரேட்டு கேக்கறாரே, நியாயமா?

ராத்திரி ஒரு மணிக்கு உங்க பாத்ரூம் அடைப்ப எடுக்க நீங்க எவ்ளோ கேப்பீங்க? வால்வ மூடத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, காலைல சிங்கிள் ரேட்டுக்கு வருவார்.